இண்டி கட்சிக்காரர்

"கிளச்சை மெல்ல விடுங்க சார். ரேஸுல பச்சைக் கொடி காட்டுனாப்புல எதுக்கு இந்தப் பாய்ச்சல்?" என்றபடி டிரைவிங் மாஸ்டர் சென்னிமலை தன் பக்கத்து பிரேக்கை மிதிக்கிறார். அக்ரஹாரம் சர்க்கிளில் எனக்கு முன்னால் போன ஸ்கூட்டர் தப்பிக்கிறது.

கொள்ளேகால்காரர். மைசூரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். தன் வண்டியில் போகும்போது சைக்கிள்காரர்கள் அவரை முந்துவார்கள். கவலைப்படமாட்டார். வேகமெல்லாம் அவருக்குச் செல்போன் திரையில்தான். ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் நடக்கும் இண்டிகார் பந்தயத்தை, திங்கள் காலை சிற்றுண்டியோடு பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார்.

பார்முலா ஒன் என்றால் உதட்டைச் சுழிப்பார். "அங்க அவனவன் காரை அவனவனே செய்யறானுங்க. நல்ல கார் வாய்ச்சவன் முன்னால போறான். இண்டியில எல்லாக் காருக்கும் ஒரே மாதிரிக் கூடு. எஞ்சின் செய்யறது ரெண்டே கம்பெனி. பவர் ஸ்டியரிங் கூடக் கெடையாது சார்! ஓட்டறவன் கையி பேசோணும்" என்று முழங்கையை மடக்கிக் காட்டுவார். சிக்னலில் பின்னாலிருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

இந்தப் பைத்தியம் வீட்டில் மகள் சௌம்யாவுக்கும் உண்டு. அவள் பார்முலா ஒன் கட்சி. சிறு வயதிலிருந்தே இருவருக்கும் வாய்ச்சண்டை. தாய் மல்லம்மா இடையில் தட்டை வைத்துவிட்டுப் போவாராம்.

நஞ்சன்கூட்டில் வேலைக்குப் போன சௌம்யா, உடன் வேலை செய்த மகதேவ என்ற கன்னடப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சென்னிமலை போகவில்லை. ஒரு வருடம் மகளோடு பேச்சில்லை. மல்லம்மா மட்டும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

பிறகொரு பந்தயத்தில் ஒரு கார் சுவரில் மோதித் தலைகீழாக உருண்டது. சௌம்யா அழைத்தாள். "அப்பா, பாத்தீங்களா? அந்தப் பையன் எந்திரிச்சு நடந்துட்டான்ப்பா." இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தேன் கண்ணு" என்றாராம். அன்றிலிருந்து திங்கள்தோறும் போன். கார்களைப் பற்றி மட்டும். வீட்டைப் பற்றி ஒரு சொல் வராது. மருமகன் பெயர் வரவே வராது.

சென்ற திங்கள் லலிதமகால் சாலையோரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். போனில் மகள்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்காளுங்க வட்டத்தையே சுத்திச் சுத்தி வர்றாங்க. அதுல என்னப்பா இருக்கு?"

"முந்நூத்தம்பதுல செவத்தை ஒட்டி வந்து பாரு, தெரியும்."

அவள் வாய் திறக்கும் முன் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கன்னடத்தில், "மாவ ஹேளித்தே சரி" என்றது. மாமா சொன்னதே சரி என்று.

சென்னிமலை கியரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரது?"

"அவருதாம்ப்பா." சௌம்யாவின் குரல் தாழ்ந்திருந்தது. "உங்க கட்சி. உங்ககிட்ட சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டே இருந்தாரு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது.

"போனை அவருகிட்டக் குடு கண்ணு" என்றார் சென்னிமலை. ஸ்பீக்கரை அணைத்தார். கதவைத் திறந்து இறங்கி, சாலையோரம் நேராக நின்று, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் போனைக் காதில் வைத்தார்.