பொம்மைத் தலையில் நடவு

கலா அக்கா இறந்துவிட்டார்.

நேற்றுக் காலை எங்கள் செராமிக் யூனிட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்தது. நெஞ்சுவலியாம்... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். வேறு யாரோ கலாவாக இருக்கும் என்று இரண்டு முறை படித்தேன்.

பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் சூளை, அவர் பெயிண்டிங். நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். பிள்ளையாரோ பசுமாடோ, எங்கள் யூனிட்டிலிருந்து போகிற எல்லாப் பொம்மைக்கும் அவர்தான் கண் எழுதுவார்.

மண் பவுடர் படாமல் இருக்கத் தலையில் எப்போதும் ஒரு துண்டு. அந்தத் துண்டு இல்லாமல் அவர் முகத்தை நினைத்துப் பார்க்கவே வரவில்லை எனக்கு.

உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஆனால் என் பெண் கயலின் பொம்மை போட்டோவுக்கு ஹார்ட் போட்டிருப்பீர்கள். ஒரு கண் இறங்கிய பொம்மை... அது அக்கா கைவேலை.

போன வருடம் கயலுக்கு ஐந்து வயது. பொம்மையின் தங்கக் கலர் முடியைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிட்டாள். வளரும் என்று நினைத்து வெட்டியிருக்கிறாள். மறுநாள் பார்த்தால் வளரவில்லை, ஒரே அழுகை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமில்லையா. "வளரும்டா செல்லம், எண்ணெ வெச்சா வளரும்" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் பொம்மைத் தலையைத் தடவிப் பார்ப்பாள். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பாள்.

யூனிட்டில் புலம்பினேன். அக்கா பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே சொன்னார்: "புள்ளகிட்ட சொல்லிட்டல்ல... அப்ப வளர வெச்சிட வேண்டியதுதான். நாளைக்கு எடுத்தாடா."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வெந்நீர் வைத்துப் பொம்மையைத் தலைகீழாக முக்கினார். கழுத்து இளகியதும் ஒரு திருகு, தலை தனியாக வந்துவிட்டது. உள்ளேயிருந்த பழைய முடிக் குச்சத்தையெல்லாம் சின்ன இடுக்கியால் பிடுங்கினார். மிஞ்சியது வரிசை வரிசையாகத் துளைகள்தான்.

அதை ஜன்னல் வெயிலில் பிடித்தார். தலைக்குள்ளே சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள்... நானும் அவரும் மாற்றி மாற்றி உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தோம். சோறு ஆறிப்போனது.

முகத்தையும் நெயில்பாலிஷ் ரிமூவரால் துடைத்துவிட்டுப் புதுசாகக் கண் எழுதினார். அதை நான்தான் கெடுத்தேன். பெயிண்ட் நிற்கவேண்டுமே என்று, பழக்க தோஷம், கொண்டுபோய்ச் சூளைக்கு மேலே இருக்கிற தட்டில் வைத்துவிட்டேன். திரும்பி வந்தால் இடது கண் கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

"ஏண்டா, இது பிளாஸ்டிக்குடா! உன்னையத் தூக்கி உள்ள வெக்கணும்!" கத்திவிட்டு அவரே சிரித்துவிட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "உடு... இப்பதான் தூங்கி எழுந்த மாதிரி இருக்குது. நல்லாத்தான் இருக்குது."

முதலில் ஃபேன்ஸி ஸ்டோர் நைலான் முடியை வைத்தார். கயல் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நூலுப்பா" என்று போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதைச் சொன்னதும் அக்கா மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டார். நான்கு நாள் கழித்துப் பேப்பரில் சுற்றி நிஜ முடி கொண்டுவந்தார். ஏதுக்கா என்றால், சவுரி விக்கிறவங்ககிட்ட வாங்கினேன் என்றார்.

ஊசியில் கோத்துத் துளைக்கு நாலு முடி. வாரத்துக்கு ஒரே ஒரு வரிசை... வேண்டுமென்றேதான். மொத்தமாக வந்தால் வளர்ந்த மாதிரி இருக்குமா? "இந்த வார நடவு முடிஞ்சுது" என்று தலையை என்னிடம் கொடுப்பார். கழனி வேலை பார்த்த கை, வேறெப்படிச் சொல்வார்.

எண்ணெய் வைக்க அக்காவிடம் போயிருக்கிறது என்று கயலிடம் சொல்லிவைத்தேன். தலை போய்வந்ததெல்லாம் அவர் டிபன் பாக்ஸில்தான். ஒருநாள் எங்கள் சூப்பர்வைசர் ஊறுகாய் என்று நினைத்துத் திறந்து... சார், இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கயல் தடவிப் பார்த்துக் கத்துவாள். "இன்னும் கொஞ்சம் வந்திருக்குதுப்பா! என் முடி மாதிரியே கறுப்பா!" ஆறு மாதம் இப்படியே போனது. நிஜமாகவே வளர்கிறது என்று ஒரு கட்டத்தில் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நேற்று சாயந்திரம் அக்காவை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நிமிர்ந்தால், கயல் பொம்மையைக் காணோம் என்று அழுகிறாள். என் மனைவி தேவி அதை வாசல் கேட்டுக்கு வெளியே, குப்பை பக்கெட் மேலே வைத்திருந்தாள்.

"ஏங்க... அது சவுரி இல்லீங்க. அக்காவோட சொந்த முடி. பின்னல்ல பாதிய வெட்டியிருக்காங்க. என்கிட்ட மட்டுந்தான் சொன்னாங்க. நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னு உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க." சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. "செத்தவங்க முடி வூட்ல இருக்கக் கூடாதுங்க. புள்ள இருக்கிற வூடு. எனக்கு பயமா இருக்குது."

அவளைத் திட்ட முடியவில்லை. நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் காலையில் குப்பை வண்டி வந்துவிடும்...

வெளியே போய் எடுத்தேன். கறுப்பில் அங்கங்கே செம்பட்டை. பதினோரு வருடம் அந்தத் துண்டுக்குள் இருந்தது இதுதான். தெருவில் நின்று அழுதேன், முப்பத்தெட்டு வயசு ஆள், பொம்மையைப் பிடித்துக்கொண்டு.

உள்ளே வரத் தைரியமில்லாமல் கேட்டிலேயே நின்றேன். தேவி வாசலிலிருந்து பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்ச் சீப்பும் எண்ணெய் பாட்டிலும் எடுத்து வந்தாள்.

"குடுங்க இப்படி. சிக்கு புடிச்சிக் கெடக்குது."

வாசல்படியில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள். கயல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். ஒரு சிக்கை இழுக்கும்போது தேவி சட்டென்று நிறுத்தி, குனிந்து, மெதுவாகக் கேட்டாள்:

"வலிக்குதாக்கா?"

கலா அக்கா... தலை பின்னியாச்சு. பத்திரமாப் போங்க.