பிள்ளையாருக்கு நேர்ந்த புடலங்காய்

எந்தப் பூந்தொட்டியைக் கண்டாலும் புனிதவதி அதற்குள் ஒரு விரலை விட்டுப் பார்ப்பாள். பாரிசில் ரூ காய் என்ற தெருவிலுள்ள புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே இந்தப் பழக்கம். வங்கி வாசலோ பல் வைத்தியர் வரவேற்பறையோ, எதுவும் தப்பாது. "மண்ணில்லை, வெறும் தும்பு" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு விரலைத் துடைப்பாள்.

லொறி ஓட்டும் கணவன் கரிகாலன் ஒருநாள் நடு பிரான்சின் ஓவேர்ன் பக்கத்தில், அணைந்த எரிமலையொன்றின் அடியில், ஒரு விவசாயியிடம் கேட்டு வாங்கிய மண்ணை அரிசிப் பைகளில் கொண்டுவந்து பாரிஸ் புறநகரான சார்செலில் தங்கள் வீட்டுப் பல்கணியில் இறக்கினான். கரிக்கறுப்பு. அள்ளினால் கோப்பித்தூள் போல உதிர்ந்தது. கையில் ஒட்டவில்லை, பாரமுமில்லை.

"எரிமலை கக்கின சாம்பல் உக்கி வந்த மண்ணாம். தண்ணியைப் பஞ்சு மாதிரிப் பிடிச்சு வைக்குமாம். அங்கை பருப்பும் உருளைக்கிழங்கும் போடுறாங்கள். ஆனா எரு வேணுமாம். பொஸ்பரசை மண்ணே இறுக்கி வைச்சுக்கொண்டு செடிக்கு லேசிலை குடுக்காதாம்."

"உங்களைப் போலை எண்டு சொல்லுங்கோ."

அன்றே புடலம் விதை ஊன்றினாள். முதல் காயை ரூ பஜோல் தெருக் கோயில் பிள்ளையாரின் தேரில் கட்டுவதாக நேர்த்தியும் வைத்தாள். கடையில் கூட வேலை செய்யும் அஜந்தா விடவில்லை.

"ஒன்பதாம் மாடியிலை புடலங்காயோ அக்கா? பிள்ளையார் அசென்சரிலை ஏறி வந்தோ எடுக்கிறது?"

"நீ பார்த்துக்கொண்டிரடி!"

ஊர்ச் செம்மண்ணுக்கு இறைப்பது போலக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டதில் இலை மஞ்சளித்தது. விரலை விட்டாள், உள்ளே சதசதவென்று ஈரம். தண்ணீரை நிறுத்தி எருவைப் போட்டதும் கொடிக்குப் பேய் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு அன்ரெனாவைச் சுற்றியது, காயப்போட்ட சட்டைக்குள் கை நுழைத்தது. பிறகு காய் தொங்கியது!

புடலங்காய் சுருளாமல் நீள, நுனியில் கல் கட்ட வேண்டும். 'இந்த மண்ணிலை வளர்ந்த காய்க்கு இந்த மண்ணிலை கிடந்த கல்தான் பொருந்தும்' என்று, பையில் கிடந்த கறுப்புக் கல்லையே கட்டினாள். தேர்க்கால வியாபாரம் தொடங்கியதால் பல்கணிப் பக்கம் போக நேரமில்லை.

தேருக்கு முதல்நாள் பின்னேரம் கதவைத் திறந்தவள் "ஐயோ!" என்றாள். எரிமலைக் கல், உடம்பெல்லாம் ஓட்டை, பாண் துண்டின் பாரம்தான் இருக்கும். காய் அதையும் தூக்கிக்கொண்டு பல்கணிக் கம்பியைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது.

கரிகாலன் கத்தியோடு வந்தான்.

"தொடாதேங்கோ! முறிஞ்ச காயைச் சாமிக்குக் குடுக்கிறதோ?"

"அப்ப கம்பியை வெட்டட்டோ?"

"வாடகை வீடப்பா!"

இருவரும் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் தேரடியில் அஜந்தா மறித்தாள். "எங்கை அக்கா காய்?"

"வரமாட்டன் எண்டு கம்பியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்குது."

அடுத்த காய்களுக்கு லொறியின் இரும்பு நட்டுகளைக் கட்டினாள். அம்பு போல நீண்டன; அஜந்தாவின் சட்டிக்கும் போயின. ஆனால் நேர்ந்தது முதல் காயல்லவா? அது கம்பியிலேயே பழுத்துக் காய்ந்தது. பிள்ளையாருக்கான கடன் இன்னும் கொடுபடவில்லை.