சோப்பில் பதிந்த அளவு

“குழந்தை கத்துது, உங்க சித்தி எதுக்குங்க சோப்பைத் தேடுறாங்க?” என்று குழந்தையின் அப்பா என்னைக் கேட்டார்.

அவருடைய மகளுக்கு ஐந்து வயதிருக்கும். சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தவளின் கால் பின்சக்கரத்துக்குள் போய்விட்டது. குதிகால் கம்பிகளுக்கும் பிரேமுக்கும் நடுவே இறுகி நின்றது. சித்தியின் ரிப்பேர் கடைக்கு எதிரிலேயே நடந்ததால் நாங்கள் ஓடினோம். நான் குழந்தையைத் தாங்கிக்கொண்டேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. முன்பு துணிக் கம்பெனியில் பொத்தான் தைத்தாள். அவள் சைக்கிளை ரிப்பேருக்குக் கொடுத்தால் எப்போதும் “நாளைக்கு” என்பார்களாம். ஒருநாள் கோபத்தில் தானே கழற்றிப் போட்டாள். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அந்த ரோஷத்தில் கற்றதுதான் இந்தத் தொழில். தெருவில் அவளுக்குப் பெயர் ‘கொறடு’. பிடித்தால் விடமாட்டாள். பழைய இரும்புக் கடையிலிருந்து திருகு கழற்றும் அந்தக் காலத்துச் சைக்கிள் சாவிகளைப் பொறுக்கி வருவாள். பாதிக்கு அவளுக்கே பெயர் தெரியாது. பேர் எதற்கு, எந்த வாய் எதைக் கவ்வும் என்று தெரிந்தால் போதும் என்பாள்.

அந்தச் சைக்கிளும் மிகப் பழையது. கம்பியின் நுனியில் இருக்கும் சின்னத் திருகில் சித்தி வழக்கமான ஸ்போக் சாவியைப் போட்டாள். வழுக்கியது. திருகின் ஒரு முனை மழுங்கியது. அந்த ஆட்டத்தில் குழந்தை வீறிட்டாள். இன்னொரு தடவை வழுக்கினால் திருகின் முனையெல்லாம் மழுங்கி உருண்டையாகிவிடும், பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது.

பக்கத்துத் தையல்காரர் கட்டரோடு ஓடிவந்தார். சித்தி தடுத்தாள்.

“முறுக்கா நிக்கிற கம்பி, அண்ணே. வெட்டினா துள்ளிப் பிள்ளை கால்லதான் குத்தும்.”

பிறகுதான் கை கழுவும் சோப்பை எடுத்து வந்தாள். வழுக்கவைத்து இழுப்பதற்கு என்று நினைத்து அந்த அப்பா காலைப் பிடித்து இழுத்தார். சித்தி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இழுத்தீங்கன்னா தோல் மட்டும்தான் கையில வரும். விடுங்க.”

அவர் விட்டார்.

காலுக்குத் தள்ளியிருந்த ஒரு திருகின் மேல் சோப்பை அழுத்தி எடுத்தாள். அதில் அச்சு விழுந்திருந்தது. பழைய சாவிகளின் வாயை ஒவ்வொன்றாக அந்த அச்சின் மேல் வைத்துப் பார்த்தாள். சாவியைப் போட்டுச் சக்கரத்தை ஆட்டாமலே அளவு பார்க்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்று அகலம். ஒன்று குறுகல். கடைசியில் நாணயம்போல வட்டமாய், ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக இருந்த ஒரு சாவி. அதில் ஒரு வெட்டு மட்டும் அச்சோடு சரியாகப் பொருந்தியது.

உடனே குதிகாலுக்குப் பக்கத்தில் போடவில்லை. எந்தப் பக்கம் திருகினால் தளரும் என்று எதிர்ப்புறக் கம்பியில் சோதித்தாள். துரு கிறீச்சிட்டது. தளர்ந்தது. பிறகு காலருகே வந்து, எந்தக் கம்பியும் திடீரென்று விடாதபடி மாற்றி மாற்றி, கால்வாசிச் சுற்றுகளாகத் திருகினாள்.

“என் கால் இருக்கா, அத்தை?” என்று குழந்தை கேட்டாள்.

“இருக்கு கண்ணு. அஞ்சு விரலையும் எண்ணிட்டேன்.”

“இன்னொரு கால்?”

“அதையும் எண்ணணுமா? வேலை வாங்குறியே.”

தளர்ந்த கம்பியைக் கட்டைவிரலால் விலக்கினாள். குதிகால் வெளியே வந்தது. தோல் உரிந்து வீங்கியிருந்தது. தையல்காரர் அப்பாவையும் மகளையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். அதன் பிறகுதான் சித்தி தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாள்.

சாயங்காலம் தையல்காரர் திரும்பி வந்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார். சித்தி அந்தச் சக்கரத்தைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் கம்பிவலை கட்டினாள். வலையில்லாமல் சைக்கிளைத் தரமாட்டேன் என்றாள். சைக்கிளை எடுக்க வந்த அந்த அப்பா தலையாட்டினார்.

பிள்ளையைக் கேரியரில் வைத்துப் போகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். முதலில் வலை கட்டச் சொல்லுங்கள். அதையும் மீறிக் கால் மாட்டினால் இழுக்க வேண்டாம், சக்கரத்தைச் சுற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.