மூத்தாள் படையல்

செத்தவள்மேல் என்னடி பொறாமை என்று யாராவது கேட்டால் தனபாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில், கூலிவேலை செய்யும் விருத்தாசலத்துக்கு இரண்டாந்தாரமாக வந்து அவளுக்கு ஒன்பது வருஷம். உயிரோடிருக்கிற சக்களத்தி என்றால் முடியைப் பிடித்துச் சண்டையாவது போடலாம். மூத்தவள் பச்சையம்மாளோ, இவள் வருமுன்பே செத்துப்போனவள்.

எதைச் சமைத்து வைத்தாலும் விருத்தாசலம் ஒரு வாய் தின்றுவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா அவ கைப்பக்குவம் வரலே" என்பான்.

ஆடி மாசம் மூத்தாளுக்கு இளையவள்தான் படையல் போடவேண்டும். பச்சையம்மாளுக்குக் கவுச்சி ஆகாதாம். கேப்பைக் களியும், முருங்கைக்கீரையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்ட புளிக்குழம்பும் என்றால் உசிராம். படைக்குமுன் யாரும் ருசி பார்க்கக்கூடாது.

யுத்தம் நடந்த அந்த வருஷம், மல்லாட்டையை வறுத்து இடிக்கும்போதே தனபாக்கியத்துக்கு வயிறு எரிந்தது. "தின்னுடி, நல்லாத் தின்னு" என்று முணுமுணுத்துக்கொண்டே, வேண்டுமென்றே குழம்பில் ஒரு கல் உப்புகூடப் போடாமல் இறக்கினாள்.

படையல் முடிந்து விருத்தாசலம் இலையில் உட்கார்ந்தான். களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கினான். அவன் கண் கலங்கிவிட்டது.

"இன்னிக்கித்தான்டி தனபாக்கியம், அப்படியே அவ கைப்பக்குவம்!"

 தனபாக்கியம் அடுப்படிக்குப் போய் உப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்த உப்பில்லாத குழம்புக்கா ஒம்போது வருசமா நான் வெந்துக்கினு இருந்தேன்!" என்று அதை அவன் இலைமேலேயே கவிழ்த்தாள்.