அடம் டீச்சர்

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் டீச்சர் எந்த வீட்டு அழைப்பு மணியையும் அழுத்துவார். பிள்ளைகள் கையில் அது படும் பாடு அவருக்குத் தெரியும். அப்புறம் உள்ளே போய், மங்கலாகத் தெரிகிற சோபாவில் ஏதாவது பொம்மையை நசுக்கிக்கொண்டு உட்காருவார்.

அடம்பிடிக்கிற பிள்ளையை வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலை. 'பெற்றோருக்கு' என்பதுதான் யார் காதிலும் ஏறுவதில்லை. ரிப்பேர்காரரிடம் ஒழுகுகிற குழாயைக் காட்டுகிற மாதிரி பிள்ளையைக் காட்டிவிட்டு நழுவப் பார்க்கிறார்கள். சில வீடுகளில் அவரையே பூச்சாண்டி ஆக்கிவிட்டார்கள். சாப்பிடாவிட்டால் அடம் டீச்சர் வந்து பிடித்துக்கொண்டு போவாராம். மகன் கெட்ட வார்த்தை பேசுகிறான் என்று புலம்பிய அப்பா ஒருவர், அவன் அதைச் சொன்னதும் முதல் ஆளாகச் சிரித்தார்.

"நீங்க இப்படிச் சிரிச்சா, நானா இருந்தாலும் விடாம பேசுவேன் சார்" என்றார் டீச்சர்.

இப்போது அவர் தலையைத் தின்பவன் ஒரு நாலு வயதுக்காரன். செருப்புப் போடச் சொன்னால் தரையில் புரண்டு கத்துவான். அம்மா வேலைக்குப் போகிறவள். தினமும் தாமதம், தினமும் ஆபீசில் திட்டு. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னாலோ சமர்த்தாகக் காலை நீட்டிவிடுவான். டீச்சருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அவன் தனக்கு அடங்க அடங்க, அந்த அம்மா உள்ளுக்குள் உடைந்துகொண்டு வருவது கண்ணெதிரே தெரிந்தது.

நேற்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம், இனி அங்கேயே வளரட்டுமாம். "என்னை அவனுக்குப் பிடிக்கலை, டீச்சர்."

டீச்சருக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "நான் எங்க வீட்டுக்குப் போயிடுவேன்மா. நீங்கதான் இவன்கூட இருக்கணும். இன்னிக்குக் கத்தி முடிக்கட்டும். நிறுத்தின உடனே பேசுங்க, அதுக்கு முன்னால வேண்டாம்."

செருப்பைப் போடச் சொன்னதும் மேல் வீடு கீழ் வீடெல்லாம் கேட்கக் கத்தினான். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக ஓய்ந்து எழுந்தவன், மூக்கை உறிஞ்சியபடி செருப்பை எடுத்துக்கொண்டு நேராக டீச்சரிடம் வந்து நீட்டினான்.

டீச்சர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அவன் டீச்சரின் முதுகையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இங்க கொண்டா கண்ணு, அம்மா போட்டுவிடறேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மாவின் மடியில் அவன் காலை நீட்டிய பிறகும், டீச்சர் அந்த வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.