உட்காரச் சொன்ன சட்டம்

தேனியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், பட்டுச்சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சின்னமனூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் கடை மூடும்வரை நிற்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டுவந்த செய்தியை, செல்போனில் பார்த்து எங்களுக்குச் சொன்னவர் பக்கத்துக் கவுண்டர் அக்கா. அவருக்குக் கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும்.

"இனிமே நம்மளும் மனுசிகதான்டி" என்று சிரித்தார்.

சில மாதங்களில் ஸ்டூல்கள் வந்தன. சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டார்.

"ஒக்காருங்க, யாரு வேணாம்னா? கஸ்டமர் இருக்கும்போது மட்டும் ஒக்காரக் கூடாது. மொதலாளி கேமராவுல பாத்துக்கிட்டே இருக்காக."

கஸ்டமர் இல்லாத நேரம் என்று எங்களுக்கு எதுவும் வாய்க்கவில்லை. ஆள் குறைந்த மத்தியானங்களில், மடித்த சேலைகளையே மறுபடி மடிக்கச் சொன்னார்கள்.

ஒருநாள் தொழிலாளர் துறை அதிகாரி வந்தார். அவர் படியேறுவதற்குள் கீழேயிருந்து போன் வந்துவிட்டது.

"ஒக்காருங்கத்தா, எல்லாரும் ஒக்காருங்க!" என்று சூப்பர்வைசர் விரட்டினார். உட்கார்ந்தோம். அதிகாரி போட்டோ எடுத்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: "தினமும் இப்படித்தானேம்மா?"

"இல்ல சார். நீங்க எறங்கிப் போனதும் எந்திரிச்சிருவோம்."

அதிகாரி சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்து, "கவனிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

அக்காவை யாரும் திட்டவில்லை. மறுநாள் வாசலுக்கு மாற்றினார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து, கைகூப்பி "வாங்க, வாங்க" என்று சொல்லும் வேலை. வாசலில் ஸ்டூல் போட்டால் பார்வையாக இருக்காதாம்.

"வேலைய விட்டுருங்கக்கா" என்றேன்.

"விட்டுட்டு எங்கன போறது? இந்தத் தெருவுல மொதலாளிமாரு ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டு விசாரிக்கிறாக. ஜீப்புல ஏறி ஏலக்கா பறிக்கப் போனா இந்தக் கால் மலையேறத் தாங்குமா?"

வீரபாண்டித் திருவிழாவுக்குத் துணி எடுக்கக் கூட்டம் நெரிந்த நாளில் அவர் காலில் நரம்பு வெடித்தது. வலியே தெரியவில்லையாம், செருப்பு வழுக்கியதும்தான் குனிந்து பார்த்திருக்கிறார். கூச்சல் கேட்டு நான் ஓடி இறங்கினேன். வாசல் படியெல்லாம் ரத்தம். அவரைப் படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பிடித்து, என் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினேன்.

"உள்ள தூக்குங்க, ஆளுக பாக்குறாக" என்றார் சூப்பர்வைசர்.

"பாக்கட்டும்! மொத ஆட்டோவக் கூப்பிடுங்கண்ணே!" என்று கத்தினேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றுதான். அவர் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். காலில் இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கொண்டு அக்கா வேலைக்குத் திரும்பினார். வேறு பிரிவு கேட்டுப் பார்த்தார். அதே வாசல்தான் கிடைத்தது.

அவரை அங்கே பார்த்துப் பார்த்து, ஒரு லீவு நாளில் நான் வேறொரு கடைக்கு வேலை கேட்டுப் போனேன். மேனேஜர் மரியாதையாகவே பேசினார். என் படிப்பைக் கேட்கவில்லை, அனுபவத்தைக் கேட்கவில்லை.

"நாள் பூரா நிக்க முடியும்ல?" என்றார்.

அவருக்குப் பின்னால் கவுண்டர்களில் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

மறுநாள் காலை அக்கா எனக்குக் கதவைத் திறந்து பிடித்தார். நான் வேலை கேட்டுப் போய்வந்தது அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்தவர்களுக்குக் கைகூப்பினார். நான் மாடிக்கு ஏறினேன்.