நீல நூல் இருக்கை

நாற்காலிகளைப் பார்க்க வந்த வியாபாரி முதலில் மூக்கைத்தான் பொத்திக்கொண்டார். எல்லாம் அப்பா, எங்கள் நைனா, செய்த வேலை. வாங்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும், படகுக்குப் பூசுகிற மீனெண்ணெயை நாலு நாற்காலிகளுக்கும் பூசி வெயிலில் காயவைத்துவிட்டார். விற்கப்போகிற மரம் மின்ன வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வியாபாரம்.

"இன்னாங்க, கருவாட்டுக் கடையில வெச்சிருந்தீங்களா?" என்றார் வியாபாரி.

"மரத்துக்கு நல்லது சார். பூச்சி அண்டாது" என்றார் நைனா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மீஞ்சூரில் நான் வேலை பார்த்த இடத்தில் பத்துப் பேரிடம் விசாரித்துக் கெஞ்சிக் கூத்தாடி அவரை எங்கள் ஊர் தோணிரேவுக்கு வரவழைத்தது நான்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை இருந்ததே இல்லை. நாற்காலிகள் மட்டும் இருந்தன. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் காலத்து வீடு ஒன்று இடிந்தபோது நைனாவின் அப்பா படகில் ஏற்றிக்கொண்டு வந்தவை. துரைமார் விருந்து சாப்பிட்ட நாற்காலிகளில் நாங்கள் துவைத்த துணியைக் குவித்தோம். கோழி அதில் ஏறி முட்டையிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த வீட்டின் உப்பு வாடையும் கோழியின் கொக்கரிப்பும் சேர்ந்தே வருகின்றன.

அந்த வருஷம் நைனாவின் படகு உளுத்துப்போய்க் கரையில் கிடந்தது. அடுத்தவர் படகில் ஆளாகப் போய்வந்தார். திரும்பி வந்தால் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். இந்த நாற்காலிகள் விலைபோனால் சொந்தப் படகு. இல்லாவிட்டால் கடைசிவரை அடுத்தவர் படகுதான்.

வியாபாரி ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்தார். இரும்பாணி இல்லாமல் மரமுளை அடித்திருந்ததைத் தடவிப் பார்த்து, "பழசுதான்" என்றார். பூச்சி அரித்த துளையில் ஊசியை விட்டுப் பார்த்தார். காலைப் பிடித்து ஆட்டினார். புயலில் பழவேற்காட்டு ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி நின்ற உயரத்தில் எல்லாக் கால்களிலும் வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி, தேய்த்தால் போய்விடும் என்றார். பிரம்பு அறுந்த இருக்கைகளும் அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கடைசி நாற்காலியிடம் வந்ததும் முகம் சுளித்தார்.

"இது இன்னா, வலையா?"

வலையேதான். பிரம்பு போனதும் அம்மா வலை நூலை எடுத்து, வலை ஊசியால் கண் கண்ணாகப் பின்னிய இருக்கை. நீல நைலான் நூல். முட்டிவலி வந்து தரையில் உட்கார முடியாமல் போன பிறகு அவள் அதில்தான் இருந்தாள். இறால் உரித்தது, நைனாவோடு சண்டை போட்டது, எனக்குத் தலை பின்னிவிட்டது, எல்லாம் அதில் உட்கார்ந்துதான். அவள் போய் அப்போது வருஷம் திரும்பவில்லை.

"நடுவுல தொங்கிப்போச்சு. அறுத்துட்டுப் பிரம்பு போட்டுக்கறேன். நாலும் செட்டா இருந்தாத்தான் எனக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து கத்தியை எடுத்தார்.

நைனா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "கத்தி வெக்காதீங்க."

"குடுக்க இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க. நான் கெளம்பறேன்."

"நைனா, உனக்குப் படகு வேணுமா வேணாவா?" என்று கத்தினேன்.

"வேணும்டி. சும்மா இரு."

கிழிசலைத்தான் எங்கள் ஊரில் அறுப்பார்கள். நல்ல வலையில் யாரும் கத்தி வைப்பதில்லை, முடிச்சை அவிழ்த்துத்தான் பிரிப்பார்கள். நைனா நாற்காலியை மடியில் சாய்த்துக்கொண்டு, சட்டத்தோடு சேர்த்து அம்மா போட்டிருந்த ஓர முடிச்சுகளை மட்டும் அவிழ்க்க ஆரம்பித்தார். இறுகிக் கிடந்தவற்றைப் பல்லால் தளர்த்தினார். வியாபாரி நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை.

ஒருவழியாக இருக்கை முழுசாகக் கழன்று வந்தது. வெறும் சட்டத்தை வியாபாரி பக்கம் தள்ளிவிட்டு, "எடுத்துக்கங்க" என்றார் நைனா. நாலும் வண்டியில் ஏறின.

படகு வந்தது. நைனா மறுபடி நிமிர்ந்து நடந்தார். அந்த நீல வலை இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எத்தனை முறை உதறி விரித்தாலும் நடுவில் அந்தப் பள்ளம் மாறவில்லை. நாற்காலி எந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறதோ தெரியாது. அம்மா உட்கார்ந்த இடம் எங்களிடம்தான் இருக்கிறது.